வலிக்காத கால்

அற்புதம்மாளை மேஜர் கடித்தது ஒரு சனிக்கிழமை காலையில். தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கொள்ளிடக் கரைப் பக்கமெல்லாம் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம்.

மேஜர் என்பது நாய்தான். ஆனால் அதை நாய் என்று சொல்ல அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாய் வராது. கன்றுக்குட்டி உயரம். தவலை மாதிரித் தலை. கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் செம்பட்டையும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும் மயிர். பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துக்காகப் பிறந்த உடம்பு. அரியலூர் வெயிலில் வந்து மாட்டிக்கொண்டது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சுண்ணாம்புக்கல் எங்கெங்கே கிடக்கிறது என்று நிலத்தைக் குடைந்து பார்க்க வந்தவர். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பங்களா எடுத்துக் குடியிருந்தார். யுத்தம் வந்ததும் அவரையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் போக முடியுமா? துரைக்கு வண்டியும் ஆளும் ஏற்பாடு செய்து கொடுத்துப் பழகியிருந்த சிவசுப்பிரமணியன், "நான் வெச்சுக்கறேங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருதையாற்றுக்குத் தெற்கே அவருக்குப் பெரிய பண்ணை.

வந்த பிறகுதான் தெரிந்தது, அது யாரையும் தன்மேல் சீப்பு வைக்க விடாது என்று. பத்து நாளில் மயிரெல்லாம் சிக்குப் பிடித்து, சிக்குக்குள் உண்ணி ஏறி, மாட்டுக்கொட்டகை நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. துரை பங்களாவில் ஆயாவாக இருந்த அற்புதம்மாள் ஏலாக்குறிச்சியில் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, சிவசுப்பிரமணியன் ஆள் அனுப்பினார். அவள் வந்து வாசலில் உட்கார்ந்து "மேஜர்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அந்தப் பெரிய உடம்பு எழுந்திருக்க முடியாமல் எழுந்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் தலையை வைத்தது. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அவள் வேலை அது.

இடுப்பு மூட்டு இரண்டும் அதற்குக் கெட்டுப்போயிருந்தன. வலது பக்கம் ரொம்ப மோசம். துரையின் மனைவி சொல்லிக்கொடுத்ததை அற்புதம்மாள் அப்படியே செய்வாள். முதலில் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துணி நனைத்து இடுப்புக்கு ஒத்தடம். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து சீப்பு. அங்கே சுகமாக இருக்கும் என்பதால் கண்ணை மூடிக்கொள்ளும். கழுத்து, மார்பு, விலா என்று மெதுவாகக் கீழே வருவாள். சிக்கு இருந்தால் மயிரை அடியில் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிப்பாள். அப்போதுதான் இழுப்பு தோலுக்குப் போகாது. பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து வண்டிக்கார முருகையனை ஒரு முனையில் தூக்கச் சொல்வாள். வலது இடுப்பு எப்போதும் கடைசி. சீப்பு அங்கே வருவதற்கு முன்பே மேஜரின் தோல் ஒரு தரம் சிலிர்த்து நடுங்கும். பெருமூச்சு விடும். திரும்பி அவள் கையை மெல்ல மூக்கால் தள்ளும். போதும் என்று அர்த்தம். "இருடா, இருடா, ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே எட்டுப் பத்து இழுப்பில் முடித்துவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை வலது தொடைக்குப் பின்னால், கணுவுக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சடை கட்டி இருந்தது. இரண்டு மூன்று வாரமாகவே அதைத் தொட விடாமல் காலை இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எப்படியாவது பிரித்துவிடலாம் என்று விரலை உள்ளே விட்டாள். அவ்வளவுதான். உறுமல்கூட இல்லை. தலை திரும்பியது தெரிந்தது. அவள் இடது கை மணிக்கட்டில் இரண்டு பல் இறங்கியிருந்தது.

கடித்துவிட்டு மேஜர் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைதான் அவளை உறுத்தியது. தப்புச் செய்தால் காதை மடக்கிக்கொள்கிற நாய். அன்று காது மடங்கவில்லை.

சிவசுப்பிரமணியனின் மனைவி கமலவேணி ஓடி வந்து கார்பாலிக் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டாள். "வலியில கடிச்சிருச்சு அற்புதம், வேற ஒண்ணுமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முருகையன் மட்டும் பக்கத்தில் வராமல் கொட்டகை ஓரமாக நின்றான்.

"ஐயா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. துப்பாக்கிய எடுத்து முடிச்சுருங்க" என்றான்.

சிவசுப்பிரமணியன் திரும்பிப் பார்த்தார். "என்னடா பேசற?"

"போன மாசம் சோளக்கொல்லைப் பக்கம் வெறி புடிச்ச நரி ஒண்ணு சுத்துச்சுல்லீங்க. மேலத்தெருவுல ஒரு கன்னுக்குட்டி செத்துச்சே."

"நரி சோளக்கொல்லையில சுத்துனா மேஜருக்கு என்னடா? இது கிணத்தடி தாண்டிப் போயி எத்தனை நாளாச்சு? போ, வண்டியக் கட்டு. அற்புதத்தை டாக்டர்கிட்டக் காட்டிட்டு வா."

அரியலூர் டாக்டர் காயத்தை இன்னொரு முறை கழுவி, மருந்து வைத்து எரித்தார். வீட்டில் வளர்க்கிற நாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"சங்கிலியில போட்டு பத்து நாள் பாரும்மா. நல்லா தின்னுக்கிட்டு வழக்கம்போல இருந்தா பயம் இல்லை. செத்துப்போனாலோ, ஏதாச்சும் மாறுதல் தெரிஞ்சாலோ, அன்னிக்கே ரயிலேறித் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. தள்ளிப்போட்டா அப்புறம் கடவுள்கூடக் காப்பாத்த முடியாது."

"மாறுதல்னா என்னங்க சார்?"

"வழக்கமா அது செய்யாதது எதுவா இருந்தாலும் மாறுதல்தான்."

வீட்டில் அவள் புருஷன் சவரிமுத்து கைக்கட்டைப் பார்த்ததும் சாப்பிடாமல் கை கழுவிவிட்டான். திருமானூரில் கடிக்கு மந்திரித்து வேர் கொடுக்கிறவர் இருக்கிறார், போகலாம் என்றான். அவள் மாட்டேன் என்றாள். பத்து நாள்தானே, நாய் இருந்தால் நான் இருப்பேன் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கெட்டது என்று அவளுக்கே பட்டது. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் போகவேண்டிய அவசியம் இல்லை. போனாள். நாயைக் கண்ணால் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

மேஜரை மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வால் ஆடியது. சோறு தின்றதா என்று கேட்டாள். தின்றது, ஆனால் பாதிதான் என்றாள் கமலவேணி. தண்ணீர் குடித்தது. அற்புதம்மாளுக்கு உயிர் வந்தது. கூடத்திலிருந்து பெரிய கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். கமலவேணியைத் தலைப்பக்கம் உட்கார்ந்து காதுக்குப் பின்னால் சொறியச் சொல்லிவிட்டு, வலது கையால் அந்தச் சடையை அடியோடு கத்தரித்து எடுத்தாள். மேஜர் நடுங்கியது, முனகியது, கடிக்கவில்லை.

கையில் வந்த சடையின் உட்பக்கம் கறுப்பாக இருந்தது. காய்ந்த ரத்தம். மயிர் போன இடத்தில், வெளுத்த தோலில், நான்கு தழும்புகள். மேலே இரண்டு, கீழே இரண்டு.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதனால்தான் கடித்திருக்கிறது, உள்ளே புண் இருந்திருக்கிறது, பாவம் என்று நினைத்தாள். அடுத்த மூச்சில் அந்த நிம்மதி போயிற்று. நான்கும் பல் பட்ட இடம். வேறொரு பிராணியின் பல்.

கமலவேணி எழுந்து உள்ளே போகும்வரை காத்திருந்து, வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த முருகையனிடம் போனாள்.

"அண்ணே, இது எப்பயாச்சும் வெளிய போச்சா?"

"அதால எங்க போவ முடியும்?"

"காலுல கடிபட்டிருக்கு. நாலு பல்லு. ஆறிப்போன காயம். என் கையப் பாத்துச் சொல்லுங்க."

முருகையன் வைக்கோலைக் கீழே போட்டான். கட்டுப் போட்ட கையை அவன் பார்க்கவில்லை, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"உங்க கிறிஸ்மஸுக்குன்னு நீ ஒரு வாரம் வராம இருந்தியே, அப்ப. தொழுவத்துப் படலைச் சாத்த மறந்துட்டேன். காலையில பாத்தா இது வேலிக்கு அந்தாண்ட சோளத்தட்டைக்குள்ள படுத்து நடுங்கிட்டிருந்துச்சு. வாயில நரி மயிரு. தூக்கிட்டு வந்து கழுவிவிட்டேன். ஐயா தெரிஞ்சா தோலை உரிச்சுருவாருன்னு சொல்லலை."

"அதான் துப்பாக்கிய எடுங்கன்னியா?"

"எனக்கும் புள்ளகுட்டி இருக்கு தங்கச்சி. நெதம் அது முன்னாடிதான் படுத்துக் கெடக்கறேன். என் பேரைச் சொல்லிராத."

அவள் அவன் பேரைச் சொல்லவில்லை. சிவசுப்பிரமணியன் களத்திலிருந்து வந்ததும் தழும்பை மட்டும் காட்டினாள். அவர் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். அந்த நாய்மேல் அவருக்கு இருந்த பிரியம் ஊருக்கே தெரியும். பிள்ளை இல்லாத வீடு. களத்துக்குப் போய்விட்டு வந்தால் முதலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவார்.

"ஊர்ல தெருநாய்க்குப் பஞ்சமா அற்புதம்? எதாவது உள்ள பூந்து கடிச்சிருக்கும். இது திருப்பிக் கடிக்கக்கூட முடியாத ஜென்மம்."

"நரியா இருந்தா என்னங்க ஐயா பண்றது?"

"நரி கண்டாங்களாம், வெறி கண்டாங்களாம். டாக்டர் என்ன சொன்னாரு? பத்து நாள். இன்னும் ஏழு இருக்கு. நீயே வந்து பாத்துக்க."

புதன்கிழமை அவள் வரவில்லை. அறுப்பில் வேலை இருந்தது. வியாழக்கிழமை வெயில் ஏறும் நேரத்துக்கு வந்தபோது கமலவேணி வாசலிலேயே சிரித்த முகமாக நின்றிருந்தாள்.

"அற்புதம், உன் நொச்சி ஒத்தடம் நல்ல வேலை செஞ்சிருக்கு. நேத்து நானே போட்டேன். முனகலே இல்லை. நல்லா காலை நீட்டிப் படுத்திருக்கு, வந்து பாரு."

மேஜர் வலது பக்கமாகவே படுத்திருந்தது. இரண்டு வருஷத்தில் அது தானாக அந்தப் பக்கம் படுத்து அவள் பார்த்ததில்லை.

கமலவேணி பக்கத்தில் உட்கார, இருவருமாக அதைச் சாக்கால் மறுபக்கம் புரட்டிய பிறகு அற்புதம்மாளும் உட்கார்ந்தாள். வழக்கப்படி காதிலிருந்து தொடங்கவில்லை. நேராகச் சீப்பை இடுப்புக்குக் கொண்டுபோனாள். தோல் சிலிர்க்கவில்லை. பெருமூச்சு இல்லை. சீப்பை வைத்து இழுத்தாள். மூக்கு திரும்பி வரவில்லை. கையை உள்ளே விட்டு இடுப்பு மூட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் காற்று பட்டாலே கத்தும். ஒன்றும் இல்லை. தொடை மயிரில் ஒரு கொத்தைப் பிடித்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பலமாக இழுத்தாள். கால் மரக்கட்டை மாதிரி கையோடு வந்து, விட்டதும் தொப்பென்று விழுந்தது.

வழக்கமாகச் செய்யாததுதான் மாறுதல் என்று டாக்டர் சொன்னார். வழக்கமாகச் செய்கிறதைச் செய்யாமல் விடுவது அதைவிடப் பெரிய மாறுதல் என்று அவளுக்கு அங்கே, அந்த வைக்கோலில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. வலி போகவில்லை. வலியை உணர்கிற கால் போய்விட்டது. அது இடுப்போடு நிற்கப்போவதில்லை, மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

மெதுவாகத் தலைப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். கீழ்த்தாடை தொங்கியிருந்தது. நூல் நூலாக எச்சில் இறங்கி முன்னங்கால் மயிரை நனைத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி நிரம்ப இருந்தது.

"அம்மா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க" என்றாள். "வாங்கம்மா, கிட்ட நிக்காதீங்க."

"ஏன், என்ன?"

அப்போதுதான் சிவசுப்பிரமணியன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்குள் வந்தார்.

"நானும் காலையிலேருந்து பாக்கறேன், வாயை மூட மாட்டேங்குது. எலும்பு எதாச்சும் தொண்டையில சிக்கியிருக்கும்னு உள்ள கைய விட்டுத் தடவிப் பாத்தேன். மூணு தடவை பாத்தாச்சு. ஒண்ணும் அகப்படலை. நீ வேணா பாரேன் அற்புதம், உன் கை சின்னது."

அற்புதம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள். அவர் வலது கையையே பார்த்தாள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கீறல். ரத்தம்கூட வந்திருக்கவில்லை.

"ஐயா, அது எலும்பு இல்லைங்க. அதுக்குப் புடிச்சிருச்சு. கால் மரத்துப்போச்சு, வாய் விழுந்துருச்சு. நாமெல்லாரும் திருச்சிக்குப் போயிரணும். இன்னிக்கே."

"வெறி வந்த நாய் இப்படியா படுத்திருக்கும்? ஓடி ஓடிக் கடிக்காது?"

"அதால ஓட முடியாதுங்களே ஐயா" என்று சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கமலவேணியின் விரல்களில் பனிக்கு வெடிப்பு இருந்தது. நாலு நாளாக அவள் கையால்தான் சோறு ஊட்டியிருந்தாள். அவள் பயந்துபோய்ப் புருஷன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவர் அதட்டினார், சிரித்தார், கடைசியில் இறங்கி வந்தார், பாதி வழி.

"சரி, உன் மனசு நிம்மதிக்கு நீ போயி ஊசி போட்டுக்க. உறையூர்ல உன் தம்பி வூடு இருக்கு. அற்புதம் துணைக்கு இருக்கா. எனக்குக் கடியே படலை. களத்துல நெல்லு கெடக்குது, நான் எங்க வர்றது?"

மறுநாள் காலை ரயிலில் அவர்கள் போனார்கள். கமலவேணி, அற்புதம்மாள், சவரிமுத்து. அற்புதம்மாளின் நாத்தனார் பாலக்கரையில் இருந்தாள், அங்கே தங்கிக்கொண்டாள். தினமும் காலையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கமலவேணியைப் பார்ப்பாள். வரிசையில் நாய் கடித்தவர்கள் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். வயிற்றைத் திறந்து படுக்கவேண்டும். ஊசி போட்ட இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். பண்ணை வீட்டம்மாளும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். ஊரில் இருந்தால் கமலவேணிக்குச் சரிசமமாக அவள் உட்கார்ந்திருக்கவே மாட்டாள்.

ஐந்தாம் நாள் சிவசுப்பிரமணியனிடமிருந்து கார்டு வந்தது. கமலவேணி அதைத் தாழ்வாரத்திலேயே படித்துக் காட்டினாள். மேஜர் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இறந்துவிட்டது. யாரையும் கடிக்கவில்லை, குலைக்கக்கூட இல்லை, தூங்குகிற மாதிரி போய்விட்டது. களத்துமேட்டு வேப்பமரத்தடியில் புதைத்தாயிற்று. வயதாகிவிட்டது, மூட்டு நோய் முற்றிவிட்டது, நீங்கள் வீணாகப் பயந்தீர்கள்.

"தந்தி குடுங்கம்மா" என்றாள் அற்புதம்மாள். "உடனே வரச்சொல்லிக் குடுங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு குடுங்க. பொய் சொன்னாலும் பாவமில்லை."

கமலவேணி தந்தி கொடுத்தாள். அவர் வந்தார். மனைவி நல்லபடியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. மைத்துனன் சொன்னான், ஆஸ்பத்திரி டாக்டரே தாழ்வாரத்துக்கு வந்து சொன்னார். அன்று போடவேண்டிய ஊசிக்குப் பேர்கூட எழுதிக்கொண்டார்கள். சிவசுப்பிரமணியன் பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே போய் வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிப் போனவர், நேராக ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிவிட்டார். ஊசிக்கா பயந்தார், நாய்க்கு அந்த நோய்தான் என்று ஒத்துக்கொள்ளவா பயந்தார் என்று கமலவேணிக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை.

பதினாலு ஊசியும் முடிந்து ஊர் திரும்பியபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். "பாத்தியா அற்புதம், கல்லுக்குண்டா இருக்கேன்" என்று மார்பைத் தட்டிக் காட்டினார். நாய் இல்லாவிட்டாலும் சனிக்கிழமைகளில் அவளை வரச் சொல்லிக் கமலவேணி ஆள் அனுப்புவாள். வேலை ஒன்றும் இருக்காது. இருவரும் உட்கார்ந்து புளி உடைப்பார்கள், பயறு புடைப்பார்கள். பேச்சு நெல்விலை, மழை, யுத்தம் என்று எங்கெங்கோ போகும். சிவசுப்பிரமணியன் வந்து சொம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தால் இருவர் கையும் ஒரே சமயத்தில் நின்றுவிடும். அவர் குடித்து முடித்து மீசையைத் துடைத்ததும் மறுபடி ஓடும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கமாட்டார்கள்.

மாசி போனது. பங்குனியில் இரண்டாவது சனிக்கிழமை அவர் களத்திலிருந்து வந்து உட்கார்ந்தார். வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னமோ ரெண்டு நாளா இங்க குறுகுறுங்குது. எறும்பு ஊர்ற மாதிரி. முழங்கை வரைக்கும் ஏறுது. நெல்லுச் சொணையா இருக்கும்."

கமலவேணி முறத்தைக் கீழே வைத்தாள். அற்புதம்மாள் எழுந்து நின்றாள். சொல்லவேண்டிய நாளெல்லாம் முடிந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முருகையன் ஏலாக்குறிச்சிக்கு வந்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. "அம்மா உன்னைக் கூட்டியாரச் சொன்னாங்க. ஐயாவ அரியலூருக்குக் கொண்டுபோவணும். வூட்டு ஆளுங்க, பண்ணை ஆளுங்க யாரும் கிட்ட வர மாட்டேங்கறாங்க. நீ ஊசி போட்டவ." சவரிமுத்து தடுக்கவில்லை. தானும் ஏறிக்கொண்டான்.

பண்ணைக்குப் போய் அவரை ஏற்றியதும் வண்டியின் இரண்டு பக்கத்தையும் ஜமுக்காளத்தால் மூடினார்கள். முகத்தில் காற்றுப் பட்டாலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலும் அவருக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. உள்ளே புழுக்கம். தலையைக் கமலவேணி மடியில் வைத்துப் படுத்திருந்தார். புத்தி தெளிவாக இருந்ததுதான் கொடுமை. அற்புதம்மாளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ சொன்ன" என்றார். "அன்னிக்கே சொன்ன."

"பேசாதீங்க ஐயா."

"உன் கை ஆறிடுச்சா?"

அவள் கையைக் காட்டினாள். அவர் பார்த்துத் தலையசைத்தார்.

மருதையாற்றில் அப்போது கணுக்கால் தண்ணீர்தான். ஆனாலும் தண்ணீர். இறக்கத்தில் சக்கரம் இறங்கியதுமே சலசலப்புக் கேட்டது. அவர் உடம்பு வில்லாக வளைந்தது. முருகையன் வண்டியை நிறுத்திவிட்டான். பாலம் வழியாகச் சுற்றிப்போனால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். அவன் முகத்தை அற்புதம்மாளால் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தால் படல் கதையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"ஓட்டுடா" என்றார் சிவசுப்பிரமணியன், பல்லைக் கடித்துக்கொண்டு. "சுத்த வேண்டாம். நேரா ஓட்டு."

கமலவேணி அவர் இரண்டு காதுகளையும் கையால் பொத்தினாள். அற்புதம்மாள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டாள். சவரிமுத்து இறங்கி மாடுகளுக்கு முன்னால் தண்ணீரில் ஓடினான். ஆறு நாற்பது ஐம்பது கஜம்தான் இருக்கும். அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை அதற்குப் பிறகு எந்த மனிதரிடமிருந்தும் அவள் கேட்கவில்லை. அக்கரை மேட்டில் ஏறி, சக்கரம் மண்ணில் உருள ஆரம்பித்ததும் அது நின்றது. அவர் வியர்த்துப்போய்க் கிடந்தார். கொஞ்சம் கழித்து, சாதாரணக் குரலில், விதை நெல்லை மேல்மச்சில் ஏற்றிவிட்டார்களா என்று மனைவியிடம் கேட்டார். ஏற்றியாயிற்று என்றாள்.

அரியலூர் டாக்டர் பார்த்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோவதில் பிரயோஜனம் இல்லை என்றார். தூங்குவதற்கு ஊசி போட்டார். தனி அறையில் ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள். வியாழக்கிழமை காலை, வெளிச்சம் வந்த பிறகு, சிவசுப்பிரமணியன் இறந்துபோனார். கமலவேணி அழவில்லை. அற்புதம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வெகுநேரம் நின்றாள். பிறகு, "நம்ம ரெண்டு பேருக்கும் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டாள்.

அற்புதம்மாள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"இன்னும் எத்தனை நாள் பாக்கணும்?"

அதை டாக்டரிடம் கேட்டார்கள். ஊசி போட்டவர்களுக்குப் பெரும்பாலும் வராது, ஒரு வருஷம் தாண்டினால் மனதை விட்டே எடுத்துவிடலாம் என்றார். பெரும்பாலும் என்று அவர் சொன்னதைத்தான் இருவரும் ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஏலாக்குறிச்சியில் அற்புதம்மாள் தினமும் காலையில் எழுந்ததும் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொள்ளுவாள். சவரிமுத்து பல் தேய்க்கிற வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எங்கேயோ பார்க்கிற மாதிரி அவளைப் பார்ப்பான். அவள் சொம்பைத் தூக்குவாள். முதல் மடக்கு நாக்கில் விழுந்து, தொண்டை வாசலில் ஒரு கணம் நிற்கும்.